பள்ளி சேர்ந்ததிலிருந்து ஓயாத சளி, சாப்பாடு வேண்டாம் என்கிற பிள்ளை: எதற்குக் கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். மகளுக்கு மூன்றேகால் வயது. ஜூனில் ப்ரீகேஜி சேர்த்தீர்கள். அன்றிலிருந்து மாதத்துக்கு இரண்டு தடவை சளி, இருமல், நடுவில் காய்ச்சல். எடை 12.5 கிலோ. சாப்பாட்டைக் கண்டால் ஓடுகிறாள், "பால் மட்டும் நல்லா குடிப்பா, நாளைக்கு நாலு டம்ளர்." மூன்று, நான்கு நாளுக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறாள். எதிர்ப்புச் சக்திக்கு என்ன டானிக் தரலாம், மாமியார் சொல்வதுபோல் தொக்கம் (தொண்டையில் சிக்கிய சாப்பாட்டை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) எடுக்கலாமா, பள்ளியை நிறுத்திவிட்டு அடுத்த வருடம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகள் மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது சளியைப் பற்றி. எனக்குக் கவலை தருவது போகிற போக்கில் எழுதிய அந்த நாலு டம்ளர் பாலும், நான்கு நாளைக்கு ஒரு தடவை என்ற வரியும்தான்.

சளியை முதலில் முடித்துவிடுவோம். பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைக்கே வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கம். முதல் வருடம் பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போகிற பிள்ளைக்கு அது பத்து, பன்னிரண்டு வரை போகும். ஒரு சளி முழுதாக ஆற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். பெருக்கிப் பாருங்கள், வருடத்தில் நூறு நாள் மூக்கு ஒழுகினாலும் அது கணக்குக்குள்தான் வருகிறது. அதிலும் இந்த நூறு நாள் வருடம் முழுக்கப் பரவி வராது. பள்ளி திறந்து மழைக்காலம் முடிகிற வரைக்கும் கொத்தாக வரும். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும், அதனால் பெற்றோருக்கு ஒரே சளி ஆறு மாதமாகப் போகாமல் இருப்பது போலத் தெரியும்.

சளி உண்டாக்கும் வைரஸ்கள் நூற்றுக்கும் மேல். வீட்டிலேயே இருந்த பிள்ளை அவற்றில் சிலவற்றைத்தான் சந்தித்திருக்கும், மீதியை வகுப்பறையில் சந்திக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை, அது உருவாகிக்கொண்டிருக்கிறது. எனவே டானிக் கேள்விக்குப் பதில்: வேண்டாம். "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று விற்கிற எந்தச் சிரப்பும் இந்த எண்ணிக்கையைக் குறைக்காது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

பள்ளியை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் இந்தச் சளி வருடமும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எல்.கே.ஜி.யில் இதே கதை நடக்கும். வேறு காரணத்துக்காக மூன்று வயதில் பள்ளி வேண்டாம் என்று நினைத்தால் அது உங்கள் விருப்பம். மூன்று வயதுக் குழந்தை வீட்டில் விளையாடிக்கொண்டிருப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பது என் கட்சி. சளிக்காக மட்டும் நிறுத்த வேண்டியதில்லை.

எதிர்ப்புச் சக்தியைப் பற்றி உண்மையிலேயே சந்தேகப்பட வேண்டிய சூழ்நிலை வேறு மாதிரி இருக்கும். ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு தடவைக்கு மேல் காதில் சீழ், தோலுக்கடியிலோ உள்ளுறுப்பிலோ திரும்பத் திரும்பக் கட்டி, வாயில் வெண்படலம் ஒரு வயதுக்குப் பிறகும் போகாமல் இருப்பது, எடை ஏறாமல் நிற்பது, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் போட்டால்தான் ஒவ்வொரு தடவையும் குணமாவது. இவற்றில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவில் ஓடி விளையாடுகிறாளா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை ஆரோக்கியமான பிள்ளைதான்.

ஒரு விதிவிலக்கு. இருமல் இரவில்தான் அதிகம், ஓடினாலோ சிரித்தாலோ வருகிறது, நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டு என்றால் அது வெறும் சளியாக இல்லாமல் வீசிங்காக இருக்கலாம். மருத்துவர் இன்ஹேலர் எழுதினால் பயப்படாதீர்கள். "பழகிவிடும்" என்பது நம் ஊரில் ஆழமாக ஊறிய பயம். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்துக் கொடுக்கும் இன்ஹேலரில் போகும் மருந்து மைக்ரோகிராம் கணக்கு. அது நேரே நுரையீரலுக்குப் போகிறது. சிரப்பாகக் கொடுத்தால் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் அறையில் தலைக்கு ஊற்றிய கையோடு சாம்பிராணி போடுவதும், கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவதும் கூடாது. பாட்டிகளிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், சொல்லத்தான் வேண்டும்.

இருமல் மருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியிருப்பீர்கள் என்ற சந்தேகத்தில் சொல்கிறேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது தெரிந்தது. அதையடுத்து அந்த அக்டோபரில் மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று அறிவுறுத்தியது. விஷக் கலப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இந்த வயதில் இருமல் சிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தூக்கம் வரும், அதைக் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அதற்குப் பதில்? மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து, தூங்கும் முன்பும் சாப்பிடும் முன்பும். இரவு இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் (ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது, உங்கள் மகளுக்குப் பரவாயில்லை). வெதுவெதுப்பான ரசம், கஞ்சி. துளசி, கற்பூரவல்லிச் சாறு கொஞ்சம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பூசைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கருகிலும் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரும். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். சளியால் படுத்த பிள்ளையைவிட, ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து தொடை வெந்து வருகிற பிள்ளையின் நிலைமை மோசம். மூக்குச்சளி மூன்றாவது நாள் பச்சையாக, கெட்டியாக மாறுவது சளியின் இயல்பான போக்கு. அந்த நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.

காய்ச்சலில் நடக்கிற பெரிய தவறு அளவில்தான். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகளின் எடைக்கு ஏறக்குறைய 187 மில்லிகிராம். கடையில் 5 மி.லி.க்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். முதலாவதில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.75 மி.லி. அட்டைப் பெட்டி இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். போன தடவை கொடுத்த அதே அளவை வேறு பாட்டிலிலிருந்து கொடுத்தால் பாதிதான் போகும், அல்லது இரு மடங்கு போகும். பாட்டிலில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து, சமையலறை ஸ்பூனில் ஊற்றாமல் அளவு மூடியிலோ சிரிஞ்சிலோ ஊற்றுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் டெங்கு சந்தேகம் தீருகிற வரைக்கும் ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் மருந்துகளைத் தொடாதீர்கள். டெங்குவில் இன்னொரு விஷயம்: காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான ஒன்றிரண்டு நாட்கள் வரும். காய்ச்சல் இறங்கிய பின் பிள்ளை சோர்ந்து படுத்தால், வயிறு வலிக்கிறது என்றால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் சில்லிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. நம் ஊரில் ஜன்னி என்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் மூளைக்குத் தீங்கு செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ விரலோ வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இப்போது பாலுக்கு வருகிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு உத்தேசமாக 1,000 முதல் 1,200 கலோரி தேவை. டம்ளருக்கு 200 மி.லி. என்று வைத்தால் நான்கு டம்ளர் 800 மி.லி. அதில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் மால்ட் பவுடரும் சேர்ந்தால் 600, 700 கலோரி அங்கேயே முடிந்துவிட்டது. பாதிக்கு மேல் வயிறு நிறைந்த பிள்ளையிடம் நீங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அவள் ஓடத்தான் செய்வாள். அவள் சாப்பிடவில்லை என்று பயந்து "பாலாவது குடிக்கட்டும்" என்று இன்னொரு டம்ளர். இந்தச் சுற்று பல வீடுகளில் நடக்கிறது.

பால் கெட்டது என்று சொல்லவில்லை. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 400 மி.லி., அதிகம் போனால் 500 மி.லி. போதும். அதற்கு மேல் போனால் இரண்டு தொல்லை. ஒரு லிட்டர் பாலிலேயே இரும்புச் சத்து அரை மில்லிகிராம் அளவுதான். இந்த வயதில் ஒரு நாள் தேவை 8 மில்லிகிராம். போதாததற்குப் பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மற்ற சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இரண்டாவது, நார்ச்சத்து என்பது பாலில் கிடையவே கிடையாது. எனவே மலச்சிக்கல். உங்கள் மகளுக்கு இரண்டாவது வந்துவிட்டது, முதலாவதும் இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மால்ட் பவுடர் பற்றி ஒரு வரி. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இந்த வகைப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாலை ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரெண்டாகும். காலை 150 மி.லி., மாலை 200 மி.லி. என்று வைத்துக்கொண்டு, நடு டம்ளர்களை ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். படுக்கையில் பாட்டிலில் குடிக்கிறாள் என்றால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். இரவெல்லாம் பால் தங்கி மேல் முன்பற்கள் ஈறோரத்தில் வெள்ளைக் கோடாகத் தொடங்கி, பழுப்பாகி, கரைந்துபோகும். "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பார்கள். பின்பக்கப் பால் பற்கள் விழப் பத்து, பதினொரு வயதாகும். அதுவரைக்கும் வலியோடு எப்படி மெல்லும்? காலையும் இரவும் பட்டாணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட் வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். அவள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் கடித்து விளையாடத்தான் செய்வாள்.

அடுத்த மூன்று நான்கு நாட்கள் அவள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். அந்த நாட்களில் நீங்கள் மனம் இளகாமல் இருப்பதுதான் வைத்தியம். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவள் முடிவு. தரையில் எல்லோரோடும் உட்காரவையுங்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளைக்கு நடுவே பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். போன் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கிற பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததும் தெரியாது, பசித்ததும் தெரியாது. முன்பு நிலாவைக் காட்டி ஊட்டினோமே என்று கேட்கலாம். நிலாவுக்கு அடுத்த வீடியோ கிடையாது.

முதல் வருடத்தில் ஆறேழு கிலோ ஏறிய பிள்ளை, இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோதான் ஏறும். பசி அதற்கேற்பக் குறையும். மூன்று வயதுப் பெண் குழந்தையின் நடு எடை ஏறக்குறைய 14 கிலோ, கவலைக்குரிய எல்லை 10.8 கிலோ. உங்கள் மகளின் 12.5 கிலோ மூன்றேகால் வயதுக்கு ஒல்லிதான், நோயில்லை. ஒரு தடவை எடுத்த எடை எதையும் சொல்லாது. தடுப்பூசி அட்டையில் பழைய எடைகள் இருக்கும். அவற்றை வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், கோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறதா, தட்டையாகிவிட்டதா, இறங்குகிறதா என்று தெரியும். தட்டையானாலோ இறங்கினாலோதான் பேச வேண்டும். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்துத் தருவார்கள், மேற்கையின் நடுச் சுற்றளவை அளக்கும் நாடாவும் இருக்கும். அதில் 12.5 செ.மீ.க்கு மேலே இருந்தால் நிம்மதி.

இரும்புச் சத்துக்கு ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50.7. பள்ளி, பால், முட்டை, சத்துணவு என்று பெருமைப்படுகிற மாநிலத்தில் இது ஏறியிருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். ரத்தசோகை உள்ள பிள்ளைக்குப் பசி எடுக்காது, எதற்கெடுத்தாலும் சிணுங்கும், மண், சாக்பீஸ், பச்சரிசி, சுவரின் சுண்ணாம்பு தின்னும். தின்கிறாளா என்று கவனியுங்கள். அடித்துத் திருத்துகிற விஷயம் இல்லை அது.

ரத்தம் ஊற வேண்டுமென்று பீட்ரூட்டை அரைத்துக் கொடுக்கிறார்கள். நிறம் மட்டும்தான் சிவப்பு, இரும்பு மிகக் குறைவு. அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் வாரம் ஒரு நாள் கொஞ்சம், அவ்வளவு உதவி வேறெதிலும் இல்லை. சைவம் என்றால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, கொண்டைக்கடலை. இவற்றில் உள்ள இரும்பு உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருக்கட்டும். டீ, பால் கூட இருக்கக் கூடாது. அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை 1 மி.லி. இரும்புச் சிரப், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை எல்லாம் உண்டு. தனியார் ப்ளே ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வலைக்கு வெளியே விழுந்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு அங்கன்வாடிக்குப் போவது கௌரவக் குறைச்சல். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். ஏற்கெனவே ரத்தசோகை என்றால் இந்த அளவு பத்தாது, மருத்துவர் எடைக்குத் தக்கபடி இரும்பு மருந்து எழுதுவார். அதைப் பாலோடு கொடுக்காதீர்கள், மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள்.

மலச்சிக்கல் பாலில் தொடங்கியிருக்கும், பள்ளியில் முற்றியிருக்கும். காலை எட்டு மணிக்கு வேன். சாப்பிட்டதும் வயிறு வேலை செய்யத் தொடங்குகிற நேரத்தில் பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக் கழிப்பறை ஈரம், நாற்றம், கூட வருகிற ஆயாவைப் பார்த்தால் பயம். அடக்குகிறது. அடக்க அடக்க மலம் இறுகும், ஒரு நாள் வலித்து, கிழித்து, சொட்டு ரத்தத்தோடு வரும். அதன் பிறகு வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறாளா? முக்குகிறாள் என்று நினைப்போம், உண்மையில் வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஜட்டியில் நீர்போல் கசிந்திருந்தால் வயிற்றுப்போக்கு என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள். இறுகிக் கிடக்கிற மலத்தைச் சுற்றி வழிகிற கசிவு அது. பெண் குழந்தைகளுக்கு இதோடு சிறுநீரையும் அடக்கும் பழக்கம் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரும்.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது, விளக்கெண்ணெய் புகட்டுவது மூன்றும் வேண்டாம். ஆசனவாயில் ஏற்கெனவே புண், அங்கே இன்னொரு பயம் எதற்கு. மருத்துவர் மலத்தை இளக்கும் பவுடரோ லாக்டுலோஸோ எழுதுவார். நான்கு நாள் கொடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த வாரம் பழையபடி வந்து நிற்கிறார்கள். விரிந்து தளர்ந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும், அதுவரைக்கும் மருந்து தொடர வேண்டும். பழகிவிடுமோ என்ற பயம் இங்கேயும் வேண்டாம். கூடவே எழுப்புகிற நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு முக்காலி போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கட்டும். இந்தியன் டாய்லெட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, கீரை, தண்ணீர் எல்லாம் உதவும், ஆனால் இறுகிய பிறகு பழம் மட்டும் போதாது.

குடல் சரியானால் பசி தானாக வரும். இதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

தொக்கம் பற்றி. தொண்டையில் சாப்பாடு சிக்கியிருக்கிறது, அதனால்தான் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று சொல்லி, ஊதியோ உறிஞ்சியோ தொண்டையை அழுத்தியோ ஒரு சோற்றுப் பருக்கையையோ மீன் முள்ளையோ எடுத்துக் காட்டுவார்கள். வாரக்கணக்கில் தொண்டையில் ஒரு பருக்கை சிக்கிக்கொண்டு பிள்ளை நாலு டம்ளர் பால் குடிக்க முடியாது. அது கைவித்தை. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், "டாக்டர் ஒரு மாசம் பார்க்கச் சொல்லியிருக்கார் அத்தை" என்று என் பேரில் பழியைப் போட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்குக்குச் சீர் தட்டியிருக்கிறது, குடல் ஏறிவிட்டது என்று தூக்கிப்போய்க் குலுக்குவதும் அதே வகைதான். அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போனதும் 100 முதல் 200 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக. கூட 14 நாள் துத்தநாக மாத்திரை, நாளைக்கு 20 மில்லிகிராம். டெட்ரா பேக்கில் வருகிற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றில் அந்தப் பெயரைப் போடக் கூடாதென்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துவிட்டது.

உண்மையாகவே தொண்டையில் சிக்குவது வேறு. நான்கு வயதுக்குக் கீழே முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை, சப்போட்டா, சீத்தாப்பழக் கொட்டை எதையும் கையில் கொடுக்காதீர்கள், பள்ளி டப்பாவிலும் வேண்டாம். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு திடீரென்று இருமல் பிடித்து, பிறகு ஒரு பக்கம் மட்டும் விசில் கேட்டால் மூச்சுக்குழாயில் கடலை இருக்கலாம், சளி மருந்து கொடுத்து நாட்களைக் கழிக்காதீர்கள். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே பயறோ பென்சில் ரப்பரோ இருக்கிறது என்றுதான் பொருள். பொம்மையிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை எரிக்கத் தொடங்கிவிடும். "மலத்தில் வந்துவிடும்" என்று காத்திருக்கவே கூடாது.

பூச்சி பற்றி எல்லோரும் கேட்பார்கள் என்பதால்: பல்லை நறநறவென்று கடிப்பதும் இனிப்பு தின்பதும் பூச்சிக்கு அடையாளம் அல்ல. இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால் கீரிப்பூச்சி. ஒரே நாளில் வீட்டில் எல்லோரும் மாத்திரை போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும், நகம் வெட்ட வேண்டும்.

தூக்கத்தை நீங்கள் எழுதவில்லை. மூன்று, நான்கு வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது பகல் தூக்கம் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், திரை ஒரு மணி நேரத்துக்குள், ஓடியாடுவது மூன்று மணி நேரம். இரவு பத்தரைக்கு சீரியல் முடிந்து படுத்து, ஆறரைக்கு எழுகிற பிள்ளை காலையில் சாப்பிடாது, மாலையில் அடம்பிடிக்கும். வாயைத் திறந்துகொண்டு தினமும் குறட்டை விடுகிறாள், நடுவில் மூச்சு தடைபடுகிறது என்றால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு வயதுக்குள் ஒரு முறை கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். லேசான மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிற வீடுகள் இன்னும் உண்டு. அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிட்டால், ஏழெட்டு வயதுக்குப் பிறகு பார்வையை மீட்பது பெரும் பாடு.

எப்போது உடனே ஓட வேண்டும்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். மூச்சு 40ஐத் தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். குடிக்க மறுத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் இரவென்று பார்க்காதீர்கள்.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பதும் உங்களுக்குத் தேவைப்படும். மூக்கு மட்டும் ஒழுகினால் அனுப்பலாம். காய்ச்சல் இருந்தால் மருந்து இல்லாமல் 24 மணி நேரம் விட்ட பிறகு. வயிற்றுப்போக்கு முழுதாக நிற்கட்டும். வாயில் புண், உள்ளங்கை, பாதம், பிட்டத்தில் கொப்புளம் என்றால் கை, கால், வாய் நோய். 2022இல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பானதும் அந்த வகைதான். அம்மை என்று வேப்பிலை கட்டி, குளிக்காமல், மருந்தில்லாமல் வைக்க வேண்டாம். தினமும் குளிப்பாட்டி, காரமில்லாத ஆறின தயிர்ச் சோறு, இளநீர் கொடுத்தால் ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்ததும் அனுப்புங்கள். சில வாரம் கழித்து நகம் உரிந்து விழுந்தாலும் பயப்படாதீர்கள், புதிது முளைக்கும். பள்ளியில் ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுங்கள்: சாப்பாட்டுக்கு முன்பும் கழிப்பறைக்குப் பின்பும் சோப்பால் கை கழுவுகிறார்களா, அந்தக் கழிப்பறைக்குள் உங்கள் மகள் பயமில்லாமல் போகிறாளா என்று ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.